மடிவாளாவில் விடியற்காலை இறங்குபவர்களுக்கு: பெங்களூர் தெருநாய்களோடு வாழ ஒரு வழிகாட்டி

திங்கட்கிழமை விடியற்காலை நாலரை மணி. மதுரையிலிருந்தோ கோவையிலிருந்தோ வந்த ஆம்னி பஸ் உங்களை மடிவாளாவில் இறக்கிவிட்டுப் போய்விடும். தோளில் ஒரு பை, கையில் அம்மா கட்டிக்கொடுத்த இன்னொரு பை. ஆட்டோக்காரர் கேட்கிற காசைக் கேட்டதும், முக்கால் கிலோமீட்டர்தானே, நடந்துவிடலாம் என்று தோன்றும். மெயின் ரோட்டை விட்டு உள்ளே திரும்பி இரண்டாவது கிராஸை, அதாவது குறுக்குத் தெருவை, தாண்டும்போது முதல் குரைப்பு கேட்கும். ஒன்று நாலாகும். அப்புறம் ஆறு.

இங்கே வேலைக்கு வந்த நம்மவர்கள் பலரிடம் இந்தக் கதை இருக்கிறது. எனக்கும் இருக்கிறது. நான் ராஜபாளையத்துக்காரன். ஊர்ப் பெயரைச் சொன்னதும் ஆபீஸில் "ஓ, நாய் ஊரா!" என்பார்கள். அந்த நாய் ஊர்க்காரன், இரவு ஷிப்ட் முடிந்ததும் கேப் டிரைவரிடம் "அண்ணா, கேட் வரைக்கும் வந்துட்டுப் போங்க" என்று ஒரு மாதம் கெஞ்சிக்கொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியாது. எங்கள் ஊர் நாய் வெள்ளையாக, ரோஸ் நிற மூக்கோடு, சங்கிலியில் கட்டிக் கிடக்கும். யார் வீட்டு நாய் என்று தெரியும், கடித்தால் யாரிடம் சண்டைக்குப் போவது என்றும் தெரியும். இங்கே தெருவே நாயின் வீடு. நாம்தான் கதவைத் தட்டாமல் உள்ளே நுழைகிறோம்.

2023-இல் மாநகராட்சி எடுத்த கணக்கின்படி பெங்களூரில் சுமார் 2.79 லட்சம் தெருநாய்கள். 2019 கணக்கில் 3.10 லட்சம் இருந்தன, அந்த வகையில் குறைந்துதான் இருக்கிறது. ஆனால் லட்சக் கணக்கை வைத்து நாம் என்ன செய்வது? உங்களுக்கு வேண்டியது உங்கள் கிராஸில் இருக்கும் ஆறு நாய்தான். அந்த ஆறுக்கும் உங்களைத் தெரிந்துவிட்டால் முக்கால்வாசிக் கவலை தீர்ந்தது. தெரிவதற்கு முன்னால் கடி வாங்கிவிட்டால் என்ன செய்வது என்பது மீதிக் கவலை. இரண்டையும் வரிசையாகச் சொல்கிறேன்.

வீடு பார்க்கும்போதே நாயையும் பாருங்கள்

வாடகை, அட்வான்ஸ், தண்ணீர் எல்லாம் கேட்பீர்கள். கூடவே இதையும் செய்யுங்கள்: பகலில் வீடு பிடித்துப்போனால் அதே தெருவுக்கு இரவு பத்தரை மணிக்கு ஒருமுறை போய்வாருங்கள். பகலில் கார் அடியில் சுருண்டு கிடக்கும் அதே நாய்க்கு இரவில் வேறு முகம். மதியம் இரண்டு மணிக்குத் தெருவைப் பார்த்துவிட்டு "ஏரியா அமைதியா இருக்கு" என்று அட்வான்ஸ் கொடுத்தவன் நான்.

என்ன பார்க்க வேண்டும்? முதலில் குப்பை. வீட்டுக்கு வீடு ஆட்டோ டிப்பர் வந்து குப்பை வாங்கிக்கொண்டாலும், அதைத் தவறவிட்டவர்கள் கவரைக் கட்டி வீசும் மூலை ஒன்று பல தெருக்களில் இருக்கும். இங்கே அதை பிளாக் ஸ்பாட் என்பார்கள். அப்புறம் கோழிக்கடை, கறிக்கடை. கடை மூடும் நேரத்தில் கழிவு எங்கே போகிறது என்று கவனியுங்கள். மூன்றாவது, காலி சைட்டு. இந்த ஊரில் காலி மனையை சைட்டு என்றுதான் சொல்வார்கள். புதர் மண்டிய சைட்டு ஒன்று பக்கத்தில் இருந்தால், குட்டி போட அதைவிட வசதியான இடம் நாய்க்கு வேறு கிடையாது. கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் தொழிலாளர் குடிசைகளைச் சுற்றி நாய்கள் இருக்கும். அவை அந்தக் குடும்பங்களுக்குக் காவல் என்பதால் வெளியாளைக் கண்டால் கொஞ்சம் கூடுதலாகவே துள்ளும்.

இவையெல்லாம் இருந்தால் வீட்டை எடுக்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். அப்படிப் பார்த்தால் பெங்களூரில் வீடே கிடைக்காது. மெயின் ரோட்டிலிருந்து வீட்டுக்கு இரண்டு வழி இருக்கிறதா, அதில் தெருவிளக்கு எரிவது எந்த வழி என்று தெரிந்துகொள்ளுங்கள். போதும்.

நாய்களின் காதையும் பாருங்கள். காது நுனியில் ஒரு வெட்டு இருந்தால் அதற்குக் கருத்தடை அறுவை சிகிச்சை ஆகிவிட்டது என்று அர்த்தம். சிகிச்சையோடு வெறிநோய் (ரேபீஸ்) தடுப்பூசியும் போட்டுத்தான் திரும்ப விடுவார்கள். ஆனால் அந்த ஊசியின் வேலை காலாகாலத்துக்கும் நிற்காது, திரும்பப் போட வேண்டும். அதனால் காது வெட்டைப் பார்த்துவிட்டு, கடித்தாலும் ஊசி வேண்டாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

முதல் வாரம்: அறிமுகம் செய்துகொள்ளுங்கள்

தெரு முனையில் டீக்கடையோ இளநீர் வண்டியோ இருக்கும். முதல் நாளே அங்கே போய் நில்லுங்கள். நாய்க்கு உங்கள் வாசனை பழக வேண்டும், அதற்குப் பகல் வெளிச்சத்தில் நாலு முறை அதன் கண்ணில் படுவதைவிட நல்ல வழி இல்லை. கடைக்காரரோடு நீங்கள் நின்று பேசுவதை நாய் பார்த்துக்கொண்டே இருக்கும். அதன் கணக்கில், தனக்குப் பன் போடுகிற ஆளோடு பேசுகிறவன் அந்நியன் இல்லை.

அப்படியே பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெயர் இல்லாத தெருநாயை நான் இந்த ஊரில் அதிகம் பார்த்ததில்லை. கறுப்பாக இருந்தால் கரியா, செம்பழுப்பாக இருந்தால் கெம்பா. தமிழர்கள் அதிகம் இருக்கும் அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம் போனால் மணியும் கருப்பனும்கூட இருப்பார்கள். கன்னடம் வராவிட்டாலும் ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துவிடுங்கள்: "ஈ நாயி கச்சுத்தா?" இந்த நாய் கடிக்குமா என்று அர்த்தம். வாட்ச்மேன் வடக்கேயிருந்து வந்தவராக இருந்தால் "யே காட்தா ஹை க்யா?" என்று கேளுங்கள். பதில் பெரும்பாலும் "ஏனூ மாடல்ல", ஒன்றும் செய்யாது, என்றுதான் வரும். அதை முழுசாக நம்பாதீர்கள். அவரை ஒன்றும் செய்யாது என்பதுதான் அதன் பொருள். அடுத்த கேள்வியையும் கேளுங்கள்: இதுவரை யாரையாவது கடித்திருக்கிறதா, குட்டி போட்டிருக்கிறதா, வண்டியைத் துரத்துமா? இதற்குத்தான் உண்மையான பதில் வரும்.

பெயர் தெரிந்தால் என்ன பயன்? இரவில் குரைத்துக்கொண்டு வரும்போது "ஏய் கரியா, நான்தான்" என்று சாதாரணக் குரலில் சொல்லிப் பாருங்கள். மூன்றாவது வாரத்தில் இது எனக்கு வேலை செய்தது. நாய்க்குத் தமிழ் தெரிய வேண்டியதில்லை, பதறாத குரல் போதும்.

இன்னொன்று, எல்லை. என் பழைய தெருவில் ஏழாவது கிராஸ் நாய்கள் எட்டாவது கிராஸுக்குள் கால் வைக்காது. நடுவில் ஒரு டிரான்ஸ்பார்மர், அதுதான் அவர்களுக்கு வாகா எல்லை. ஏழாவதில் என்னைக் கண்டு வாலாட்டிய நாய்கள் இருந்த அதே காலத்தில் எட்டாவதில் எனக்கு மரியாதையே கிடையாது. அதனால் ஒரு தெருவில் பழகிவிட்ட தைரியத்தில், இரவில் புதிய தெருவைக் குறுக்கு வழியாக எடுக்க வேண்டாம்.

இரவில் நடக்கும்போது

"குரைக்கிற நாய் கடிக்காது" என்ற பழமொழியை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். குரைக்கிற நாயும் கடிக்கும். ஆனாலும் தூரத்தில் நின்று குரைத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் கேள்வி கேட்கிறது. சத்தமே இல்லாமல், வால் விறைத்து, பிடரி முடி சிலிர்த்து, பக்கவாட்டில் நெருங்கி வருவதுதான் கவனிக்க வேண்டியது.

நாய் நெருங்கினால் ஓடாதீர்கள். ஓடினால் துரத்துவது அதன் இயல்பு, வேகத்தில் நம்மால் ஜெயிக்க முடியாது. நில்லுங்கள். கையை ஆட்டாமல் உடம்போடு ஒட்டி வையுங்கள். கண்ணுக்குக் கண் முறைக்காமல் அதன் காலடியைப் பாருங்கள். அரை நிமிடம் கழித்து, முதுகு காட்டாமல், பக்கவாட்டில் மெல்ல நகருங்கள். சொல்வது சுலபம், செய்யும்போது இதயம் வாய்க்கு வந்துவிடும். முதல் இரண்டு தடவைதான் அப்படி.

குனிந்து கல் எடுப்பதுபோலச் செய்யும் நம்மூர் வித்தை இங்கேயும் பலிக்கிறது. 'நாயைக் கண்டால் கல்லைக் காணோம்' என்பது சிமெண்ட் ரோடு போட்ட இந்த ஊருக்கென்றே எழுதியது போலிருக்கும், நிஜமாகவே கல் கிடைக்காது. நல்லதுதான். குனிவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எறிந்துவிட்டால் அந்த நாய் உங்களை மறக்காது, நாளைக்கும் நீங்கள் அதே தெருவில்தான் நடந்தாக வேண்டும்.

பையில் ஒரு மடக்குக் குடை இருக்கட்டும். இந்த ஊர் மழைக்கு எப்படியும் வேண்டும். நாய் மிக நெருங்கிவிட்டால் உங்களுக்கும் அதற்கும் நடுவில் குடையை விரித்துப் பிடியுங்கள், திடீரென்று பெரிதாகும் பொருளைக் கண்டால் பின்வாங்கும். குடை இல்லையென்றால் தோளில் இருக்கும் பையை முன்னால் கொண்டுவாருங்கள். கையில் பிரியாணிப் பொட்டலம் இருந்து நாய்கள் சூழ்ந்துகொண்டால் பொட்டலத்தைத் தியாகம் செய்துவிடுங்கள். இருநூற்றுச் சொச்சம் ரூபாய்தான். காதில் ஹெட்போன் வேண்டவே வேண்டாம்.

குழந்தைகளோடு வருகிறவர்கள் இரண்டு விளையாட்டைச் சொல்லிக்கொடுங்கள். நாய் வந்தால் மரம் மாதிரி நில். கீழே விழுந்துவிட்டால் உருண்டையாகச் சுருண்டு காதையும் கழுத்தையும் கையால் மூடிக்கொள். 2007 தொடக்கத்தில் இதே ஊரில் சில வார இடைவெளியில் இரண்டு சின்னக் குழந்தைகள் தெருநாய்க் கூட்டம் தாக்கி இறந்துபோனார்கள். சிறு பிள்ளைகளைத் தனியாகக் கடைக்கு அனுப்பும் ஊர்ப் பழக்கத்தை, தெரு பழகும் வரையாவது நிறுத்தி வையுங்கள். கைத்தடி ஊன்றி நடக்கும் பெரியவர்களைப் பார்த்தாலும் நாய்கள் மிரளும். அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருந்தால் முதல் இரண்டு நாள் நடைக்குக் கூடவே போங்கள்.

மழைக்காலம் பாதி கழிந்த பிறகு இணை சேரும் பருவம். ஒரு பெட்டைக்குப் பின்னால் ஏழெட்டுக் கடுவன்கள் ஊர்வலம் போவதைப் பார்த்தால் ரோட்டின் அந்தப் பக்கம் போய்விடுங்கள். சுமார் இரண்டு மாதம் கழித்துக் குட்டிகள். குளிர்காலத்தில் தெருவெங்கும் குட்டிகள், பார்க்க ஆசையாக இருக்கும். தாய் எங்கே என்று பார்க்காமல் குட்டியைத் தூக்காதீர்கள். நான் தூக்கக்கூட இல்லை, மிதிக்கப்போனேன். அந்தக் கதைக்கு வருகிறேன்.

வண்டியில் போகிறவர்களுக்கு

துரத்தினால் வேகத்தைக் கூட்டத்தான் கை போகும். கூட்டினால் குழியில் விழுவீர்கள், பெங்களூர் ரோட்டைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. இரண்டு காலையும் தூக்கி டேங்க் மேல் வைக்கும் சர்க்கஸும் வேண்டாம். வேகத்தைக் குறையுங்கள், தேவைப்பட்டால் நின்றேவிடுங்கள். ஓடுகிற சக்கரம் நின்றுபோனால் நாய்க்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியாது. பிறகு மெதுவாக உருட்டிக்கொண்டு போங்கள். அதன் எல்லை முடிந்ததும் தானே நின்றுவிடும். இரவில் சாப்பாடு டெலிவரி செய்யும் தம்பிகள் இதில் நிபுணர்கள், ஒருநாள் அவர்கள் எப்படிக் கடக்கிறார்கள் என்று பாருங்கள்.

கடித்துவிட்டால்

டிசம்பர் மாதம். கரண்ட் இல்லாத தெரு. மூடியிருந்த இளநீர் வண்டியின் தார்ப்பாய் ஓரமாக நடந்தேன், காலடியில் ஏதோ கீச்சென்றது. அடுத்த நொடி தாய் நாய் என் கெண்டைக்காலில். ஒரே கவ்வு, விட்டுவிட்டது. ஜீன்ஸ் கிழியவில்லை. ரூமுக்குப் போய்ப் பார்த்தால் இரண்டு பல் பதிந்த இடம், ஒன்றில் கடுகளவு ரத்தம்.

நான் தங்கியிருந்த பிஜி விடுதியில் ஒருவன் மஞ்சள்தூளோடு வந்தான், இன்னொருவன் காபித்தூளோடு. போனில் அம்மா "தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசியாடா?" என்று அழ ஆரம்பித்துவிட்டார். பக்கத்தில் இருந்த ஒரு சிறிய கிளினிக்கில் "பேண்ட் மேலதானே கடிச்சது, கீறல்தான்" என்று டிடி (டெட்டனஸ்) ஊசி ஒன்றைப் போட்டு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் ஆபீஸில் கோலாரைச் சேர்ந்த அக்கா ஒருவர், திட்டித் திட்டியே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அன்றிரவு நடந்ததில் சரியாக நடந்தது ஒன்றுமே இல்லை. நீங்கள் இப்படிச் செய்யுங்கள்.

முதலில் குழாயடி. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். போனில் நேரம் வைத்துக்கொள்ளுங்கள், சோப்போடு நிற்கும்போது 15 நிமிடம் ரொம்ப நீளம். வெறிநோய்க் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும். துணி சோப்பு, பாத்திர சோப்பு எதுவானாலும் சரி. கழுவிய பிறகு பொவிடோன் அயோடின் போன்ற கிருமிநாசினி இருந்தால் தடவலாம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், எண்ணெய் எதுவும் கூடாது. இறுக்கிக் கட்டுப் போடக்கூடாது. பெரிய காயமாக இருந்தாலும் உடனே தையல் போடச்சொல்லி அவசரப்படுத்தாதீர்கள், டாக்டர் முடிவு செய்வார்.

இரண்டாவது, அன்றைக்கே ஆஸ்பத்திரி. காயத்தை மூன்று வகையாகப் பிரிப்பார்கள். நாயைத் தொட்டது, காயமில்லாத தோலில் நக்கியது முதல் வகை. கழுவினால் போதும். ரத்தம் வராத கீறல், லேசான கவ்வல் இரண்டாவது வகை. தடுப்பூசி போட வேண்டும். தோலைத் துளைத்து ரத்தம் வந்தால், அது கடுகளவாக இருந்தாலும், மூன்றாவது வகை. ஏற்கெனவே இருந்த புண்ணிலோ வாய், கண் போன்ற இடங்களிலோ எச்சில் பட்டாலும் மூன்றாவதுதான். இதற்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருளையும் காயத்துக்குள்ளேயே, காயத்தைச் சுற்றி ஏற்றுவார்கள். தடுப்பூசி உடம்பில் வேலை செய்யத் தொடங்கச் சில நாட்கள் ஆகும், அதுவரை கிருமியைக் காயத்தின் வாசலிலேயே பிடித்துவைக்க இது. முதல் தடுப்பூசி போட்ட அன்றே போடுவதுதான் நல்லது, தவறினால் அதிலிருந்து ஏழு நாளுக்குள் போட்டாக வேண்டும். வலிக்கும். பொய் சொல்லமாட்டேன், கடியைவிட அதிகம் வலித்தது. என் காயம் மூன்றாவது வகை, முந்தின இரவு டிடி ஊசியோடு திருப்பி அனுப்பப்பட்ட அதே காயம்.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்பது பழைய கதை. ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து தயாரித்த மருந்து அது, இந்தியா அதன் தயாரிப்பை நிறுத்தி இருபது ஆண்டுகள் ஆகின்றன. இப்போது கையில்தான். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் நாலு முறை போக வேண்டும், ஒவ்வொரு முறையும் இரண்டு கையிலும் சின்னக் குத்து. தசையில் போடும் முறை என்றால் 0, 3, 7, 14, 28 என்று ஐந்து முறை. 0 என்பது முதல் ஊசி போட்ட நாள். எந்த முறை என்பதைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 28-ஆம் நாள் பொங்கலுக்கு ஊரில் இருப்பீர்கள் என்றால் பரவாயில்லை, சீட்டைக் கொண்டுபோய் அங்கே அரசு ஆஸ்பத்திரியில் காட்டிக் கடைசி ஊசியைப் போட்டுக்கொள்ளலாம். நான் ராஜபாளையத்தில்தான் முடித்தேன். பாதியில் விடுவதுதான் தப்பு.

எங்கே போவது? கே.ஆர். மார்க்கெட் பக்கம் விக்டோரியா, சிவாஜிநகரில் பௌரிங், மல்லேஸ்வரத்தில் கே.சி. ஜெனரல், ஜெயநகர் ஜெனரல் ஆகியவை பெரிய அரசு ஆஸ்பத்திரிகள். வெறும் தடுப்பூசி என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கேட்கலாம். இம்யூனோகுளோபுலின் தேவைப்படும் காயம் என்றால் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், சின்ன கிளினிக்குகளில் இது இருப்பதில்லை. "நாயி கச்சிதே, இஞ்செக்ஷன் பேக்கு" என்றால் போதும். சிவாஜிநகர்ப் பக்கம் தமிழிலேயே சொல்லலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம்.

கடித்த நாயைப் பத்து நாள் கவனித்து, அது உயிரோடு நன்றாக இருந்தால் பயமில்லை என்பார்கள். அந்தக் கணக்கு உண்மைதான். ஆனால் கவனித்துவிட்டு ஊசியைத் தொடங்கலாம் என்பது அதன் அர்த்தம் இல்லை. தொடங்கிவிட்டுக் கவனியுங்கள், நிறுத்தலாமா என்பதை டாக்டர் சொல்லட்டும். நோய் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் காப்பாற்ற அநேகமாக வழியே இல்லை. அது பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் வரும், சிலருக்கு ஒரு வாரத்திலும் சிலருக்கு ஒரு வருடம் கழித்தும் வந்திருக்கிறது. என்னைக் கடித்த தாய் பதினைந்தாவது நாளும் அதே இளநீர் வண்டி அடியில் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. நான் அடுத்த ஊசிக்குத் தேதி குறித்துக்கொண்டு கடந்து போனேன்.

இரவு ஷிப்ட், டெலிவரி வேலை, நாய்களோடு பழகும் வேலை என்றால் கடிக்கு முன்பே போட்டுக்கொள்ளும் மூன்று ஊசிகள் இருக்கின்றன. அதை முடித்தவர்களுக்குப் பின்னால் கடி விழுந்தால் 0, 3 என்று இரண்டு ஊசியோடு முடிந்தது, காயத்துக்குள் போடும் அந்த வலி ஊசியும் தேவையில்லை.

சோறு போடலாமா?

எனக்கு இதில் ஒரு தெளிவான கருத்து உண்டு: முதல் மாதம் வேண்டாம். தயிர்சாதம் மிச்சம் இருக்கிறது, பாவம் நாய் என்று கேட் முன்னால் கொட்டினால், மறுநாள் அந்த கேட் நாயின் சாப்பாட்டு இடம் ஆகிவிடும். தன் சாப்பாட்டு இடத்துக்கு வரும் கூரியர்காரரையும் மேல்வீட்டுப் பாட்டியையும் அது எப்படிப் பார்க்கும் என்று யோசியுங்கள். நீங்கள் வாடகைக்கு வந்தவர், சண்டை உங்கள் பெயரில் விழும்.

தெருவில் ஏற்கெனவே சோறு போடுகிற ஒருவர் இருப்பார். அவரைத் தேடிப் பேசுங்கள். எந்த நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது, எது நோயாளி, எது முரடு என்ற வரலாறு முழுவதும் அவரிடம் இருக்கும். அரிசியோ காசோ அவரிடமே கொடுத்துவிடலாம். 2023-ஆம் ஆண்டு வந்த மத்திய அரசின் விதிகள், குடியிருப்புச் சங்கம் உணவு போடத் தனி இடம் ஒதுக்க வேண்டும், அது வாசல், மாடிப்படி, பிள்ளைகள் விளையாடும் இடம் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது என்கின்றன. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும் கண்ட தெருவில் போடக்கூடாது, ஒதுக்கிய இடத்தில்தான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதற்கு முந்தின மாதம்தான் பெங்களூர் மாநகராட்சி 2.88 கோடி ரூபாயில் 5,000 தெருநாய்களுக்கு தினமும் கோழிச்சோறு போடும் திட்டத்தை அறிவித்தது. எங்கள் பிஜி சாம்பாரைச் சாப்பிட்டுக்கொண்டே அந்தச் செய்தியைப் படித்தோம், அதற்கு மேல் என்ன சொல்ல.

போடுவது என்றால் வெறும் சோறு, வேகவைத்த முட்டை, உப்புக் காரம் இல்லாத கறி. சாக்லேட், வெங்காயம், திராட்சை ஆகாது. வெயில் காலத்தில் ஒரு சிமெண்ட் தொட்டியில் தண்ணீர் வைப்பதை யாரும் தடுக்கமாட்டார்கள்.

புகார் சொல்வது எப்படி

மாநகராட்சி எண் 1533. பிபிஎம்பி என்று நாம் சொல்லிப் பழகிய பழைய பெங்களூர் மாநகராட்சி 2025 செப்டம்பரில் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்து, மேலே கிரேட்டர் பெங்களூர் ஆணையம் வந்துவிட்டது. அதனால் உங்கள் வார்டு எந்த மாநகராட்சியில் இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

என்ன கேட்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். "நாயைப் பிடிச்சிட்டுப் போயிடுங்க" என்று கேட்டால் காரியம் நடக்காது. சட்டப்படி பிடித்து, கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் உள்ளதும் மிக மூர்க்கமானதும்தான் விதிவிலக்கு. பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களுக்கு மட்டும், பிடித்ததைத் திரும்ப அங்கே விடக்கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தனியாக உத்தரவு போட்டது. ஆகவே "எங்கள் கிராஸில் காது வெட்டாத மூன்று நாய்கள் இருக்கின்றன, கருத்தடைக்கும் ஊசிக்கும் வண்டி அனுப்புங்கள்" என்று கேளுங்கள். எந்த நாய், எந்த நேரத்தில் எங்கே படுத்திருக்கும் என்பதைப் படத்தோடு சொன்னால் வேலை வேகமாக நடக்கும்.

எச்சில் ஒழுக, தள்ளாடிக்கொண்டு, கட்டை, டயர் என்று கண்டதையெல்லாம் கடித்துக்கொண்டு போகும் நாயைப் பார்த்தால் உடனே சொல்லுங்கள். வெறிநோய் எப்போதும் வெறியோடுதான் வரும் என்றில்லை, தாடை தொங்க இருட்டு மூலையில் ஒடுங்கிக் கிடக்கும் வகையும் உண்டு. அதன் வாயில் எலும்பு சிக்கியிருக்கிறதென்று கையை விட்டுவிடாதீர்கள். விஷம் வைக்கலாம் என்று யாராவது வாட்ஸ்அப் குழுவில் ஆரம்பித்தால் ஒதுங்கிவிடுங்கள். அது குற்றம், பாரதிய நியாய சம்ஹிதையின் 325-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை.

சில்லறை விஷயங்கள்

காரை எடுக்கும் முன் பானெட்டை ஒரு தட்டு தட்டுங்கள், மழை நாளில் அடியில் நாய் இருக்கும். செருப்பை வெளியே விடாதீர்கள், குட்டிகளுக்கு இடது கால் செருப்பு என்றால் தனி ருசி. தீபாவளி இரவில் பழகிய நாயும் மிரண்டு கடிக்கும், அன்றைக்கு மட்டும் கரியாவிடம் உறவு கொண்டாட வேண்டாம்.

வார இறுதியில் பந்திப்பூர், நாகரஹொளே போகிறவர்கள் செந்நாயைப் பார்த்துவிட்டு, நம் தெருநாய் காட்டுக்குள் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். அது வேறு இனம், குரைக்காது, விசில் அடித்துக் கூட்டத்தைக் கூப்பிடும். ஜீப்பை விட்டு இறங்காமல் இருந்தால் அதனால் உங்களுக்கு ஒன்றும் இல்லை. காட்டை ஒட்டிய பன்னேர்கட்டா பக்கம் குடியிருப்பவர்களுக்குச் சிறுத்தை ஒரு விஷயம். தெருநாய் அதற்குச் சுலபமான இரை. 2023-இல் குட்லு கேட் பக்கம் சிறுத்தை சுற்றிய நாட்களில் அந்த ஏரியா நண்பன் சொன்னான், "நைட்டு நாய் சத்தம் கேட்டாதான்டா நிம்மதியா இருக்கு" என்று.

போன மாதம் நானும் ரூம் மாறினேன். பொம்மனஹள்ளி தாண்டி, கோழிக்கடைக்கு மூன்று வீடு தள்ளி. இங்கே ஐந்து நாய்கள், நாலுக்குக் காது வெட்டியிருக்கிறது. வெட்டாத ஒன்றுதான் இரவில் முதலில் வருகிறது. டீக்கடையில் கேட்டேன், பெயர் கெம்பா. மற்ற நாலின் பெயர் இன்னும் தெரியவில்லை. குடை பையில்தான் இருக்கிறது.